மூன்று கறுப்புச் சட்டைகள்

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது இப்படி. கல்லூரியில் படிக்கும் உங்கள் தம்பி முடியை வளர்த்துக்கொண்டு, மண்டையோடு அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, பொழுது முழுக்க மெட்டல் இசை கேட்கிறான். ஏன் என்று கேட்டால் "நாங்க கவுண்டர்கல்ச்சர்" என்கிறான். அப்பா "சமூகத்தோட ஒட்டாத பய" என்கிறார். சப்கல்ச்சர் (துணைப்பண்பாடு), கவுண்டர்கல்ச்சர் (எதிர்ப்பண்பாடு), மெயின்ஸ்ட்ரீம் (பெரும்போக்கு) என்ற மூன்றும் எங்கே பிரிகின்றன, இவர்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதிப் பொருளுக்காக மட்டும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. தம்பி வீட்டை விட்டு விலகுகிறானா, வீட்டை எதிர்க்கிறானா, இரண்டுமே இல்லையா என்ற கவலைதான் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 27 ஆண்டுகள் சமூகவியல் பாடம் எடுத்தேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களிடம் ஒரு காட்சியைத்தான் சொல்வேன். கார்த்திகை மாதம், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம், காலை நேரம். ஒரே நடைமேடையில் மூன்று கறுப்புச் சட்டைகள். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டவர், காலில் செருப்பில்லை. இன்னொருவர் திராவிடர் கழகத்துப் பெரியவர், கக்கத்தில் விடுதலை நாளிதழ். மூன்றாவது, காதில் இயர்போன் மாட்டிய இளைஞன், சட்டையில் புரியாத எழுத்தில் ஏதோ இசைக்குழுவின் பெயர். துணி ஒன்று, நிறம் ஒன்று. ஆனால் அந்த நடைமேடையில் நிற்கும் மற்றவர்கள் மூவரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. மாலை போட்டவருக்கு "சாமி, உட்காருங்க" என்று இடம் கிடைக்கும். பெரியவரைப் பார்த்துச் சிலர் வணக்கம் சொல்வார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இளைஞனைப் பார்த்து யாராவது ஒருவர் "காலம் கெட்டுப்போச்சு" என்பார். நீங்கள் கேட்ட மூன்று சொற்களும் இந்த மூன்று பார்வைகளுக்குள் இருக்கின்றன.

முதலில் மாலை போட்டவர். 41 நாள் அவர் வாழ்வது அன்றாட வாழ்க்கைக்கு நேர்மாறான ஒரு வாழ்க்கை. செருப்பு கிடையாது, சவரம் கிடையாது, தரையில் படுக்கை, பெயர்கூட மாறி எல்லாருக்கும் எல்லாரும் "சாமி". வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்தால் இதைவிட விலகிய கூட்டம் உண்டா என்று தோன்றும். ஆனாலும் இதை யாரும் துணைப்பண்பாடு என்றோ எதிர்ப்பண்பாடு என்றோ சொல்வதில்லை, ஏனென்றால் இந்த விலகலைப் பெரும்போக்குச் சமூகமே வகுத்து, தேதி குறித்து, வழியனுப்பியும் வைக்கிறது. மாலையைக் கழற்றியதும் அவர் அதே வேலைக்கு, அதே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஆகவே தோற்றம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்து உங்கள் தம்பி. மில்டன் யிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். துணைப்பண்பாடு என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது அவருடைய குறை. பெரிய சமூகத்துக்குள் வாழும் ஒரு கூட்டத்துக்குத் தனக்கென்று பேச்சு, உடை, ரசனை, மரியாதை முறை இருக்கலாம். அந்தக் கூட்டத்தின் சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தவை அவை. வெளியே இருப்பவர்களோடு சண்டையே இல்லையென்றாலும் இருக்கும். அது துணைப்பண்பாடு. இன்னொரு வகைக் கூட்டத்தின் நெறிகளை, அது யாரோடு மோதுகிறது என்று தெரியாமல் புரிந்துகொள்ளவே முடியாது. பெரிய சமூகம் எதைச் சரி என்கிறதோ அதை மறுப்பதற்காகவே பிறந்த நெறிகள் அவை. அது எதிர்ப்பண்பாடு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தப் பிரிவினை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது.

துணைப்பண்பாட்டுக்கு மெட்டலைவிட நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. வட சென்னையின் கானாப் பாட்டு. நான் தென்கோடிக்காரன். புளியந்தோப்பையும் வியாசர்பாடியையும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று கோடை விடுமுறைகளில் போய்ப் பார்த்ததோடு சரி, அங்கே வளர்ந்தவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஒரு சாவு வீட்டின் முன்னால் போட்ட பந்தலில் விடிய விடிய மரண கானா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இறந்தவரின் பெயர், அவர் ஓட்டிய வண்டி, அவர் பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்தார் பாடியவர். தாளத்துக்கு ஒரு சட்டி, ஒருவர் கையில் தீப்பெட்டி. பாட்டின் சொற்களில் பாதி என் மாணவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் பொருள்? தாய்ப்பாசம், நட்பின் விசுவாசம், கைவிட்ட காதல், சாவுக்கு முன் எல்லாரும் சமம் என்ற எண்ணம். பெரிய சமூகம் உயர்ந்தது என்று சொல்லும் அதே மதிப்பீடுகள்தான், வேறு மொழியில், வேறு தாளத்தில். தனக்கென்று ஒரு இடம் கேட்கிறதே தவிர, சமூகம் நிற்கும் தூணை அசைக்கவில்லை. மாநகரப் பேருந்தின் பக்கவாட்டில் தாளம் தட்டிக்கொண்டு போகும் கல்லூரிப் பையன்களின் "ரூட்டு தல" உலகமும் இதே வகைதான். அதற்கென்று தலைவன், எல்லை, கௌரவம், பகை எல்லாம் உண்டு. அங்கே கத்தி எடுப்பது சட்டத்தை மீறுவதுதான். ஆனால் சட்டத்தை மீறுகிற எல்லாமே எதிர்ப்பண்பாடு ஆகிவிடாது. அந்தப் பையன்கள் போற்றும் வீரம், விசுவாசம், ஊர்ப்பெருமை எல்லாம் அவர்கள் அப்பாக்களும் போற்றியவையே.

இப்போது பெரியவரின் கறுப்புச் சட்டை. இன்று அது பழகிப்போன காட்சி. அன்று அப்படி இல்லை. 1945இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படை தொடங்கியது. அடுத்த ஆண்டே மதுரையில் கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தல் கொளுத்தப்பட்டது. 1948இல் சென்னை மாகாண அரசு அந்தப் படையையே தடை செய்தது. ஒரு சட்டையின் நிறத்துக்காக அரசாங்கம் தடை போடுகிறது என்றால், அது சட்டையைப் பற்றிய விவகாரம் அல்ல என்பது தெளிவு. புரோகிதர் இல்லாமல் கல்யாணம், பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, பெண்ணுக்குச் சொத்துரிமை, விதவைக்கு மறுமணம் என்று அந்த இயக்கம் கைவைத்த ஒவ்வொன்றும் பிறப்பு, திருமணம், வாரிசு என்ற அடித்தளங்களில் விழுந்தது. எல்லாரும் மெட்டல் கேட்க ஆரம்பித்தால் தமிழ்நாடு கொஞ்சம் சத்தமான தமிழ்நாடாக இருக்கும். எல்லாரும் சாதி பார்க்காமல் கல்யாணம் செய்ய ஆரம்பித்தால் அது வேறொரு நாடு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் கையாளும் முதல் கேள்வி இதுதான்.

இரண்டாவது கேள்வி, அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்பது. என் அம்மாவின் சித்தப்பா 1956இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது. ஆகவே தாத்தா மணமாலை சூடியபோது இந்த முறைக்கு வயது 28. ஆனால் 1953இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. அது தெரிந்தே செய்துகொண்டார்கள். சொந்தத்தில் பாதிப் பேர் வரவில்லை. ஊரில் சின்னப்பாட்டியை மனைவி என்ற சொல்லால் குறிப்பிடாமல் வேறு சொல்லால் பேசியவர்கள் உண்டு. அந்தச் சொல்லை இங்கே எழுத மனமில்லை. "வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா" என்று அச்சிட்ட மஞ்சள் பூசாத வெள்ளை அழைப்பிதழ் ஒன்றை, ரேஷன் கார்டோடும் நிலப் பத்திரத்தோடும் சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார் சின்னப்பாட்டி. தன் இரண்டு பிள்ளைகளும் முறையான வாரிசுகள் என்று காட்ட அவரிடம் இருந்த ஒரே தாள் அது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் சட்டத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். பன்னிரண்டு ஆண்டு அந்தப் பெண் தன் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சொல்லும் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார். எதிர்ப்பண்பாடு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்க ஹிப்பிகளைப் பற்றியும் இதே அளவுகோலைப் போடலாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெயிட் ஆஷ்பரி வட்டாரத்துக்கு 1967 கோடையில் திரண்டவர்களில், கோடை முடிந்ததும் நீண்ட முடியோடு வீட்டுக்குத் திரும்பிய நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். அதே தலைமுறையில் வியட்நாம் போருக்குப் போக மறுத்து, ராணுவ அழைப்பு அட்டையை எரித்தவர்களும் இருந்தார்கள். 1965 சட்டப்படி அதற்கு ஐந்தாண்டு வரை சிறை. இருவரையும் வரலாறு எதிர்ப்பண்பாடு என்ற ஒரே பெயரில் அழைக்கிறது. நான் அப்படி அழைக்கத் தயங்குவேன்.

தோற்றத்துக்கே விலை இருக்கும் இடங்களும் உண்டு, அதனால் முன்னே சொன்னதைக் கொஞ்சம் திருத்தியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் சாமித்தோப்பு இருக்கிறது. அங்கிருந்து சாதிக்கொடுமைக்கு எதிராகப் போதித்த அய்யா வைகுண்டரின் வழியினர், நிழல்தாங்கல் என்ற தங்கள் வழிபாட்டு இடத்துக்குள் நுழையும்போது ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொள்வார்கள். உள்ளே சிலை இருக்காது. கண்ணாடி இருக்கும், விளக்கு இருக்கும். கும்பிடுபவர் பார்ப்பது தன் உருவத்தை. நெற்றியில் வெள்ளை நாமமும் தலையில் பாகையுமாகத் தன்னையே பார்த்துக் கும்பிடுகிறார். இன்று வெளியூர்க்காரர்கள் இதை அழகான ஒரு வழிபாட்டு முறை என்று படம் பிடிக்கிறார்கள். 1830களின் திருவிதாங்கூரை நினைத்துப் பாருங்கள். தலைக்கு வரி கட்டிய சாதிகள், இடுப்புக்கு மேல் துணி போட உரிமையில்லாத பெண்கள், பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியாதவர்கள். அந்த மக்களிடம் போய் ஒருவர் "தலையில் பாகை கட்டு, கண்ணாடியில் பார், தெய்வம் அங்கே" என்றால் அது அரசனின் முகத்தில் சொன்னது போல. எல்லாச் சாதியும் நீர் எடுக்க வைகுண்டர் முத்திரிக் கிணறு வெட்டினார். அவரைக் கைது செய்து திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். அதே பாகையை உயர்சாதிக்காரர் ஒருவர் அன்றைக்குக் கட்டியிருந்தால் அது வெறும் துணி. ஆகவே என்ன அணிகிறார்கள் என்பதோடு, யார் அணிகிறார்கள், யாருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு சரிவரும். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859இல் வந்த அரச ஆணையைப் படித்தால் இது இன்னும் துலங்கும். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மூடுவது போல மூடக் கூடாது என்றது அது. துணியை விட்டுக்கொடுத்தார்கள், வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இனி, அறிஞர்களே ஒத்துப்போகாத பகுதிக்கு வருகிறேன். முதல் சிக்கல் மெயின்ஸ்ட்ரீம் என்பதே. பெரும்பான்மையோர் செய்வதுதான் பெரும்போக்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். தனி உடை, தனிப் பேச்சு, ராகத்தை யார் முதலில் கண்டுபிடிப்பது என்ற போட்டி, கேன்டீன் வரை நீளும் சடங்குகள். எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டம். இலக்கணப்படி இது அச்சு அசலான துணைப்பண்பாடு. ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பண்பாடு என்றே சொல்கிறோம். சாவு வீட்டில் பாடுவதற்கு மட்டும் ஒரு முன்னொட்டு ஒட்டிக்கொள்கிறது. பெரும்போக்கு என்பது எண்ணிக்கையைவிட, முன்னொட்டு இல்லாமல் அழைக்கப்படும் அதிகாரத்தையே குறிக்கிறது என்பது என் கருத்து. இதை மறுக்கும் சகாக்கள் எனக்கு உண்டு.

எல்லைக்கோடு நிலையானதும் இல்லை. கானா பல பத்தாண்டுகள் துணைப்பண்பாடாக இருந்து, தொண்ணூறுகளில் சினிமாவுக்குள் வந்து பெரும்போக்கின் தீனியானது. பிறகு 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோது, அதே கானா தாளத்தில் இடஒதுக்கீட்டையும் அம்பேத்கரையும் பாடினார்கள். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழா தொடங்கியது. மார்கழி யாருடையது என்று அந்தப் பெயரே கேட்கிறது. தாளம் மாறவில்லை, யாரை நோக்கிப் பாடுகிறார்கள் என்பது மாறியது. துணைப்பண்பாடு எதிர்ப்பண்பாடாகத் திரும்பும் கணத்தை இவ்வளவு தெளிவாகக் கண்முன் பார்க்க எல்லாத் தலைமுறைக்கும் வாய்க்காது.

எதிர்த்திசையிலும் நடக்கும். 1976 வாக்கில் பங்க் என்ற முரட்டு ராக் இசைக் கூட்டத்து லண்டன் பிள்ளைகள் கிழிந்த சட்டையில் குத்திய ஊக்கு, 1977இலேயே விலை உயர்ந்த உடை வடிவமைப்பாளர்களின் தொகுப்புக்குள் போய்விட்டது. நம் ஊரில் இதைவிட ஆழமான ஒன்று நடந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பெயரை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். அன்று அது அதிர்ச்சி. என் வருகைப் பதிவேட்டில் 60 பெயர் இருந்தால் 60க்கும் முதலெழுத்து மட்டும்தான். அந்த மாணவர்களில் ஒருவருக்கும் தான் ஒரு கலகத்தைத் தொடர்கிறோம் என்ற எண்ணம் கிடையாது. களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கு அவர்களைக் கூட்டிப்போய், வக்கீல்கள் டாக்டர்களின் பெயர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்வேன். பெயருக்குப் பின்னால் நாயர், பிள்ளை என்று வரிசையாக வரும்போதுதான் தங்கள் பெயரில் இல்லாத ஒன்றை முதல்முறை கவனிப்பார்கள். அதே மாணவர்கள் திரும்பும் பேருந்தில் புதிதாக அறிமுகமான ஒருவரிடம் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். பெயரிலிருந்து போனது கேள்வியில் தங்கிவிட்டது. இதை வெற்றி என்பதா, பாதி வெற்றி என்பதா? பலமுறை யோசித்தும் எனக்குள் ஒரு முடிவு வரவில்லை. திருமணச் சட்டத்தின் கதையும் முடியவில்லை. வெளியே சொல்லி, ஊரைக் கூட்டித்தான் சுயமரியாதைத் திருமணம் நடக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் இணையர்களுக்கு ஊரைக் கூட்டுவது உயிருக்கே ஆபத்து.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். எதிர்ப்பது எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பிரிட்டனின் ஸ்கின்ஹெட் பையன்கள் அறுபதுகளின் இறுதியில் ஜமைக்கா இசையை நேசித்தவர்கள். பத்து ஆண்டுக்குள் அவர்களில் ஒரு பகுதியினர் நிறவெறிக் கட்சியின் ஊர்வலத்தில் நின்றார்கள். இரண்டாவது, இந்த ஆய்வுத்துறையே பல காலம் பையன்களை மட்டும் பார்த்தது. 1964இல் தொடங்கிய பர்மிங்ஹாம் பண்பாட்டு ஆய்வு மையம் தெருமுனையில் நின்ற இளைஞர்களைப் பற்றி அருமையாக எழுதியது. பெண் பிள்ளைகள் எங்கே என்று 1976இல் அதே மையத்தின் பெண் ஆய்வாளர்கள் கேட்டபோதுதான் அந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்க அனுமதிக்கப்படவே இல்லை என்பது உறைத்தது. உங்கள் தம்பி இரவு பதினோரு மணி வரை கச்சேரியில் நின்றுவிட்டு வந்தால் அப்பாவின் திட்டு கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அதே சட்டையோடு அதே நேரத்துக்கு வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரே செயல் ஒருவருக்குத் துணைப்பண்பாடாகவும் இன்னொருவருக்கு எதிர்ப்பாகவும் இருக்கலாம்.

ஆகவே உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், அவன் இருப்பது ஒரு துணைப்பண்பாட்டில். அது குறைவான இடம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் யார் உண்மையான ரசிகன், யார் "போஸர்" (வெறும் வேஷம் போடுபவன்) என்று கறாராகப் பிரிப்பார்கள், பழைய ஆல்பங்களைத் தேடித்தேடிக் கேட்பார்கள், கூட்ட நெரிசலில் கீழே விழுந்தவனை உடனே தூக்கிவிடுவது அங்கே எழுதாத சட்டம். ஒழுங்கும் மரியாதையும் உள்ள இடம்தான். "ஒட்டாத பய" என்று அப்பா சொல்வது தவறு. இன்னொரு கூட்டத்தோடு நன்றாகவே ஒட்டியிருக்கிறான், அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "கவுண்டர்கல்ச்சர்" என்று அவன் சொல்வதும் இன்றைக்குச் சரியில்லை. ஆனால் அதை அவனிடம் தீர்ப்பாகச் சொல்லிவிடாதீர்கள். எதை எதிர்க்கிறாய் என்று கேளுங்கள். படிப்பு, வேலை, யாரைக் கட்டிக்கொள்வது என்று அவனுக்குள் ஏதாவது ஒரு மறுப்பு இருந்தால், அதை வாய்விட்டுச் சொல்ல இன்னும் வழி தெரியாமல் சட்டையில் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒன்று இருந்து அவன் சொன்னால், திரும்ப எழுதுங்கள். அது வேறு கேள்வி, அதற்கு வேறு பதில் வேண்டும்.